பேய் வாயில் நம்ம ஊர்ப் பேச்சு

கேள்வி இதுதான்: "நாங்கள் நான்கு பேர், தருமபுரியில் கல்லூரிக் கடைசி வருடம். பழைய ஆங்கிலப் பேய்ப் படம் ஒன்றை எடுத்து, நம்ம ஊர்ப் பேச்சில் காமெடியாக டப் செய்ய ஆசை. இரண்டு நிமிடம் செய்தும் பார்த்தோம். ஹாஸ்டலில் ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. எங்கே தப்பு? எந்தப் படத்தை எடுத்தால் காப்பிரைட் தொல்லை வராது?"

அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தேன், தம்பி. குரல் நன்றாக இருக்கிறது. எழுத்துதான் காலை வாரிவிட்டது. பேய் வருகிறது, உடனே ஒருவன் "மூஞ்சப் பாரு, மேக்கப் போட மறந்துட்டாங்க" என்கிறான். அடுத்தவன் ஒரு ஹீரோ பஞ்ச் வசனம் விடுகிறான். மூன்றாமவன் மீம் குரலில் கத்துகிறான். படத்துக்குள் இருக்கும் ஆளே படத்தைக் கிண்டல் செய்தால், அதன் பிறகு நமக்குச் சிரிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

நம்ம பக்கத்துப் பாரதக் கூத்தை நினைத்துப் பாருங்கள். கட்டியக்காரன் ராஜா பக்கத்தில் நின்றுகொண்டு, "எந்த பஸ்ல வந்தீங்க, டிக்கெட் எடுத்தீங்களா" என்று கேட்கிறான். கூட்டம் சிரிக்கிறது, துரியோதனன் சிரிப்பதில்லை. அவன் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதால்தான் கட்டியக்காரன் எடுபடுகிறான். அமெரிக்காவில் 1988-ல் மினசோட்டாவின் ஒரு சின்ன டிவி சேனலில் தொடங்கிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' இந்தக் கட்டியக்காரன் வேலைதான். படம் அதன் சொந்தக் குரலில் ஓடும், திரையின் கீழே நிழலாக உட்கார்ந்திருக்கும் மூவர் கமெண்ட் அடிப்பார்கள். நீங்கள் செய்ய நினைப்பது அது இல்லை. அது பொம்மலாட்டம்: பொம்மை வேறொருவருடையது, குரல் மட்டும் உங்களுடையது. பொம்மலாட்டத்தில் பொம்மை தன்னைப் பார்த்துத் தானே சிரிக்காது. கட்டியக்காரனின் வசனத்தைத் தூக்கித் துரியோதனன் வாயில் வைத்ததுதான் உங்கள் தப்பு.

அப்படியானால் என்ன செய்வது? படத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு கவலையைக் கொடுங்கள். அந்தக் கவலையை அவர்கள் உயிர்போகிற விஷயமாக நினைக்க வேண்டும். 1966-ல் வூடி ஆலன் ஒரு ஜப்பானிய உளவுப் படத்தை எடுத்து, குரலை மாற்றி 'வாட்ஸ் அப், டைகர் லில்லி?' என்று வெளியிட்டார். அதில் இத்தனை பேரும் துப்பாக்கியோடு துரத்துவது உலகத்திலேயே ருசியான முட்டை சாலட்டின் செய்முறைக்காக. முட்டை சாலட்டில் பெரிய ஜோக் ஒன்றும் இல்லை. அதற்காகச் சாகத் துணிந்த முகங்கள்தான் ஜோக்.

என்னைப் பற்றி ஒரு வரி. சென்னையில் சில வருடம் டப்பிங் தியேட்டர்களில் கூட்டக் குரல் கொடுத்தவன். "பிடி அவனை", "ஐயோ நெருப்பு", கல்யாண வீட்டுச் சளசளப்பு, இதெல்லாம் என் வேலை. இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மைக் செட். இந்த மாற்று டப்பிங் பைத்தியம் ராத்திரி வேலை.

திகில் படம் ஏன் இதற்கு இவ்வளவு தோதாக இருக்கிறது என்றால், காசில்லாததால்தான். கையில் காசு இல்லாதவன் என்ன செய்வான்? ஒரே வீட்டில் படத்தை முடிப்பான். ஆட்களை இருட்டில் நடக்கவிடுவான், அதுவும் தூரத்து ஷாட்டில், முதுகைக் காட்டி. டப்பிங் பேசுகிறவனுக்கு இவை எல்லாம் வரம், ஏனென்றால் வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அதே 1966-ல் டெக்ஸஸின் எல் பாசோவில் ஹெரால்ட் வாரன் என்ற உர வியாபாரி 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' என்று ஒரு திகில் படம் எடுத்தார். செலவு சுமார் 19,000 டாலர். ஒரு தடவைக்கு 32 விநாடிக்கு மேல் ஓடாத கேமரா, சத்தம் பதிவு செய்ய வழியே இல்லை. எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரு சிலரே பின்னால் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். படத்தில் நடித்த சின்னப் பெண் முதல் காட்சியன்று திரையில் தன் வாயிலிருந்து வேறொரு பெரிய மனுஷியின் குரல் வருவதைக் கேட்டு அழுதேவிட்டாள். சிரிக்க வைக்கும் எண்ணமே இல்லாமல் எடுத்த காமெடி டப்பிங் அது.

நமக்கும் பேயைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் புதிதல்ல. விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் விட்டுச் சமைப்பதைப் பார்த்துப் பயந்தவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம் என்று எங்கள் ஆயா சொல்லும். ஆசையாக இருக்கிறதே என்று அதில் கை வைத்துவிடாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, அது வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம். 1978-ல் வந்த படம் 2038 கடைசி வரை ஒருவருக்குச் சொந்தம்.

காப்பிரைட் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, அடிபட்டுக் கற்றவன். அமெரிக்காவில் 1964-க்கு முன் வந்த படங்களுக்கு 28-ஆம் வருடம் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தது. சின்னக் கம்பெனிகள் பல அதைச் செய்யாமல் விட்டன. 1959-ல் வந்த 'ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்' அப்படிப் பொதுச் சொத்தானது. இந்தியாவின் 60 வருடக் கணக்கிலும் அது தாண்டிவிட்டது. 1968-ன் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' கதை இன்னும் வேடிக்கை. முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். பெயரை மாற்றியபோது, தலைப்போடு சேர்ந்திருந்த காப்பிரைட் அறிவிப்பு வரியும் போய்விட்டது. விநியோகக் கம்பெனி அதைத் திரும்பப் போடவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த வரி இல்லையென்றால் உரிமையும் இல்லை. சொந்த நாட்டில் இருப்பதைவிட அதிக காலம் வெளிநாட்டுப் படத்துக்கு இங்கே பாதுகாப்புக் கிடையாது என்று 1999-ன் சர்வதேச காப்பிரைட் உத்தரவு சொல்கிறது. இப்படி உரிமையே இல்லாமல் போனதால்தான் உலகம் முழுக்க ஆளாளுக்கு அந்தப் படத்தை எடுத்துக் குரல் மாற்றுகிறார்கள். 1991-ல் ஜேம்ஸ் ரிஃபெல் என்பவர் செய்த ஒன்றின் தலைப்பையே ஒரு மூச்சில் சொல்ல முடியாது.

இரண்டு எச்சரிக்கை மட்டும். பழைய, கீறல் விழுந்த கறுப்பு வெள்ளைப் பிரிண்டையே எடுங்கள். வண்ணம் ஏற்றியதும், புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்டதும் வேறு ஆட்களின் உழைப்பு, அதற்குத் தனியாக உரிமை கேட்பார்கள். அடுத்தது, பொதுச் சொத்தாக இருந்தாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை பின்னணி இசையைப் பிடித்துக்கொண்டு எவனோ ஒருவன் பெயரில் உரிமைக்கோரல் அனுப்பும். பதறாமல் பதில் எழுதுங்கள். 60 வருடம் தாண்டிய தமிழ்ப் படம்தானே என்று இங்கத்திய படத்தைத் தொடுவதாக இருந்தால் யோசித்துச் செய்யுங்கள். படத்தின் உரிமை முடிந்திருக்கலாம். கதை, பாட்டு எழுதியவர்களின் உரிமை அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும்.

ஆகவே 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'டையே எடுத்துக்கொள்வோம். படம் பார்க்காதவர்களுக்கு: அண்ணனும் தங்கையும் அப்பா சமாதிக்கு மாலை வைக்க வெகுதூரம் காரில் வருகிறார்கள். தள்ளாடி வரும் ஒருவன் தங்கையைப் பிடிக்கிறான். தடுக்கப்போன அண்ணன் கல்லில் தலை மோதி விழுகிறான். அவள் ஓடிப்போய் ஒரு பண்ணை வீட்டில் ஒளிகிறாள். பிறகு ஆட்கள் சேர்கிறார்கள். கதவு ஜன்னலெல்லாம் பலகை வைத்து ஆணி அடிக்கிறார்கள். வெளியே செத்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கதவைத் தட்டுகிறது.

உள்ளே பூட்டிக்கொண்டு, விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பம். வெளியே விடாமல் கதவு தட்டும் கூட்டம். இதைப் பார்த்ததும் எனக்கு ஜாம்பி நினைவு வரவில்லை. எங்கள் தெருவில் வாரத் தவணை நாள்தான் நினைவு வந்தது. தண்டல்காரர் வருகிறார், அவ்வளவுதான் என் கதை. மொத்தப் படத்துக்கும் இந்த ஒரு கவலை போதும், இரண்டாவது ஒன்றைத் தேடாதீர்கள்.

இனி வாயசைப்பு. உதடு மூடும் எழுத்து நமக்கு இரண்டுதான் முக்கியம்: ப, ம. ஆங்கிலத்தில் உதடு மூடும் இடத்தில் நம் வசனத்திலும் ப அல்லது ம விழுந்துவிட்டால், மற்றதைப் பார்க்கிறவன் கண்ணே சரிசெய்துகொள்ளும். அந்தப் படத்தின் பேர்போன வரி, அண்ணன் தங்கையைப் பயமுறுத்த இழுத்து இழுத்துச் சொல்வது: "தே ஆர் கமிங் டு கெட் யூ, பார்ப்ரா." 'கமிங்'கில் உதடு ஒருமுறை மூடும். 'பார்ப்ரா'வில் இரண்டு முறை. பார்ப்ராவுக்கு என்ன போடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. நம் வீடுகளில் அண்ணன் தங்கையைக் கூப்பிடுவது 'பாப்பா' என்றுதானே, உதடு சரியாக இரண்டு தடவை மூடுகிறது! 'கமிங்'குக்குத்தான் ஒரு வாரம் ஆனது. "தண்டல்காரன் வர்றான், பாப்பா" என்று பேசிப் பார்த்தேன். உதடு மூடும்போது குரல் திறந்து கிடந்தது. கடைசியில் தண்டல்காரருக்குத் தாமு என்று பெயர் வைத்தேன். "தாமு வந்துட்டான், பாப்பா." இரண்டாவது அசையில் 'மு', கடைசியில் 'பாப்பா', கச்சிதம். அவர் பெயர் தாமு ஆனதற்கு வேறு காரணமே இல்லை. அவள் 'ஜானி' என்று கூப்பிடும் இடங்களுக்கு 'அண்ணா' அப்படியே உட்காரும்.

அந்த இடம் இப்படி வந்தது:

அண்ணன்: இம்மாந்தூரம் வந்து அப்பாவுக்கு மால போடறோம். அவரு வாங்குன தண்டல நாம கட்டினுகிறோம்.

தங்கை: மெதுவா பேசு ணா, காதுல வுழும்.

அண்ணன்: யார் காதுல? அப்பா காதுலயா?

(தூரத்தில் ஓர் ஆள் தள்ளாடி வருகிறான்.)

அண்ணன்: தாமு வந்துட்டான், பாப்பா…

தங்கை: வெளயாடாத ணா. அவரு பைக்குலதான் வருவாரு.

அண்ணன்: பெட்ரோல் வெலை ஏறிப்போச்சு. பாலக்கோட்டுல இருந்து நடந்தே வர்றாரு, அதான் தள்ளாடுறாரு.

இதில் ஜோக் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அந்த ஆள் ஏன் தள்ளாடுகிறான் என்பதற்குக் காரணம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். திரையில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு விநோதத்துக்கும் ஒரு நியாயமான காரணம் தேடுங்கள். அடுத்த காட்சியில் தங்கை காருக்குள் ஓடுகிறாள், சாவி இல்லை. ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க, வண்டி சரிவில் தானாக உருள்கிறது. அவள் முகத்தில் உயிர்ப்பயம். குரல் மட்டும்: "நியூட்டர்ல வுட்டா தொப்பூர் கணவாயே எறங்கிடலாம்னு அப்பா சொல்லுவாரு…" அடுத்த நொடி வண்டி மரத்தில் மோதும். தொப்பூரில் நியூட்ரலில் இறங்காதே என்று எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டே நியூட்ரலில் இறங்கும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே விளக்கம் தேவைப்படவில்லை.

பென் என்ற ஆள் பலகை அடிக்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். பாதி நேரம் முதுகுதான் தெரியும், சுத்தியல் சத்தம் தாளம் போடும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கடன்: "இது கறவ மாட்டு லோன். இது நக லோன். இது குழு லோன். இது… இது எதுக்கு வாங்குனன்னே ஞாபகம் இல்ல."

நம் மொழியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நமக்கு எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. இந்தப் படத்தில் அடிக்கடி டிவி செய்தி வரும். வீட்டுக்குள் இருப்பவர்கள் "தோ வந்துகினே கிறான்" என்று பேசட்டும். செய்தி வாசிப்பவர் மட்டும் அச்சுத் தமிழில், முகம் மாறாமல், "தவணை செலுத்தத் தவறியோர் மறு அறிவிப்பு வரும்வரை விளக்குகளை அணைத்து வீட்டிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று சொல்லட்டும். வாஷிங்டனில் அதிகாரிகளும் விஞ்ஞானியும் நிருபருக்குப் பதில் சொல்லாமல் காரை நோக்கி நடந்துகொண்டே இருக்கும் காட்சி ஒன்று உண்டு. அதற்கு நான் எதுவும் புதிதாக எழுதவில்லை. "மனு குடுங்க, பரிசீலிக்கிறோம்" என்பதையே நான்கு விதமாகப் பேசினேன்.

நம்ம ஊர்ப் பேச்சில் டப் செய்ய ஆசை என்றீர்கள் அல்லவா? மதுரை, கோவை, நெல்லைப் பேச்சுக்கெல்லாம் சினிமாவில் ஓர் இடம் உண்டு. நம் பேச்சைத் திரையில் கேட்பது அபூர்வம். கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமாகப் போனது, பேச்சு அப்படிப் பிரியவில்லை. ஓசூர், தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, கடைத்தெருவில் தமிழ். உங்கள் நான்கு பேரில் யாருக்காவது வீட்டில் வேறு மொழி இருந்தால், அவர் பதறும்போது அந்த மொழிக்குத் தாவட்டும். பதற்றத்தில் மனிதன் அப்படித்தான் செய்வான். ஆனால் அந்த மொழியையே நக்கல் செய்யாதீர்கள். நம்ம ஊர்ப் பேச்சு என்று சொல்லிக்கொண்டு வரிக்கு வரி 'இன்னா, கீது' என்று திணிக்கவும் வேண்டாம். உங்கள் அம்மா போனில் பேசுவதைப் பத்து நிமிடம் கேளுங்கள், போதும்.

தொழில் பக்கம் உங்களை உண்மையில் படுத்தப்போவது ஒன்றுதான். இன்றைய படங்களுக்கு வசனம் இல்லாமல் இசையும் சத்தமும் மட்டும் உள்ள தனி டிராக் கிடைக்கும். பழைய படத்தில் எல்லாம் ஒரே டிராக்கில் குழைந்து கிடக்கும். ஆங்கில வசனத்தை வெட்டினால் காலடிச் சத்தம், கதவு, காற்று, இசை எல்லாம் கூடவே போகும். குரலையும் இசையையும் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே இருக்கின்றன, ஆனால் கரகரப்பான பழைய ஒலியில் அவையும் திணறும். நான் மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகச் செய்கிறேன். முதலில் படம் முழுக்க அடியில் ஓட ராத்திரிச் சத்தம் கொஞ்சம் வேண்டும். ஏரிக்கரையில் போனை வைத்துப் பூச்சிச் சத்தத்தை அரை மணி நேரம் பதிவு செய்தேன். அது இல்லாவிட்டால் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். புல்லில் நடக்கும் சத்தத்துக்குக் காய்ந்த கடலைக்கொடி. பலகை அடிக்க மாம்பழப் பெட்டி.

செத்தவர்கள் சதையைத் தின்னும் காட்சியும் உண்டு. அங்கே நடிகர்கள் தின்றது பன்றிக்கறி வறுவல், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியும். எங்களுக்குச் சத்தம்தான் வேண்டும். ஜூன் மாதம், கூழ் ஆலைக்குப் போக வேண்டிய பெங்களூரா மாம்பழம் அழுகலாக இரண்டு கூடை கிடைத்தது. மைக்குக்குப் பக்கத்தில் பிசைந்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிற்றைப் புரட்டும். மைக்கில் ஏறிய எறும்பு போக நான்கு நாள் ஆனது. உங்களுக்குச் சொல்கிறேன், மைக்குக்கு மேல் மெல்லிய பாலித்தீன் கவர் போட்டுவிட்டுப் பிசையுங்கள்.

பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டாம். பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்து, பீரோவைத் திறந்து துணி தெரியும்படி வைத்து, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, ராத்திரி பதினொன்றுக்கு மேல் பேசுங்கள். என் வீடு நெடுஞ்சாலை ஓரம். ஒருநாள் அருமையான டேக் ஒன்றின் நடுவில் லாரிக்காரர் ஏர்ஹாரனை அமுக்கினார். மறுபடி எடுத்தால் அந்தப் பயம் குரலில் வரவில்லை. சரியென்று ஹாரனை அப்படியே விட்டு, அடுத்த வசனத்தை மாற்றினேன்: "இந்தவாட்டி லாரியில வர்றாங்கடா."

கை வைக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. படத்தின் கடைசி ஐந்து நிமிடம். ராத்திரி முழுக்கத் தப்பிப் பிழைத்த பென் ஒரு கறுப்பினத்தவர். விடிந்ததும் அவரையும் ஜாம்பி என்று நினைத்துத் துப்பாக்கிக் கூட்டம் சுட்டுவிடும். அதன்மேல் தமாஷ் வசனம் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே விளக்கை அணைத்துப் படத்தை முடித்துவிட்டேன்.

முதலில் சமாதிக் காட்சி ஏழெட்டு நிமிடத்தை மட்டும் எடுங்கள். அதற்கே ஒரு மாதம் பிடிக்கும். நான்கு பேர் இருக்கிறீர்கள்: ஒருவர் எழுதுவதும் வாய் பார்ப்பதும், இருவர் குரல், ஒருவர் சத்தம். முடித்ததும் ஹாஸ்டலில் போட்டுக் காட்டாதீர்கள். ஹாஸ்டல் பையன்கள் பஞ்ச் வசனத்துக்குக் காத்திருப்பார்கள். ஆங்கிலமும் தெரியாத, அந்தப் படத்தையும் பார்த்திராத ஒருவருக்குக் காட்டுங்கள். நான் எங்கள் ஆயாவுக்குப் போட்டேன். களி தின்றுகொண்டே முழுசாகப் பார்த்தது. இரண்டு இடத்தில்தான் சிரித்தது. முடிந்ததும் தட்டைக் கழுவ எழுந்துகொண்டே கேட்டது: "அந்தக் கறுப்புத் தம்பி தவணையக் கட்னானா, இல்லியா?"